பஸ் டிரைவருக்கும் நன்றி

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு புதன்கிழமை பிற்பகல், நான் சொன்ன பகிடிக்கு எதிரே இருந்தவர் சிரிக்கவில்லை.

வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய விபத்து உண்டா? சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னொரு முறை சொன்னேன். அப்போதும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அவரிடம் போய்ப் பேசினீர்களா?" என்று கேட்டார்.

எவரிடம்? என்ன பேச? சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு நான் வீட்டில் ஒழுங்காகச் செய்துவந்த வேலை ஒன்றுதான் — மனைவி எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுவது. பொறுத்துப் பார்த்த மனைவி ஒருநாள் லைப்ரரியிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டுவந்து என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். நவீன யூதச் சிந்தனையாளர்களின் கட்டுரைகளைக் குழுவாக இருந்து படிக்கும் வகுப்பு. பத்து வாரம். யாரும் வரலாம்.

"உங்களுக்கு வாதாட ஆள் வேணும். அங்க போய் வாதாடுங்கோ. எனக்கும் கொஞ்சம் ஆறுதலாயிருக்கும்" என்றார்.

யூதர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நம்மவர்களில் பலருக்குத் தெரிந்த அளவுதான். லண்டனில் எந்தத் தமிழ்க் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் எழுந்து, "யூதர்களைப் பாருங்கள், என்ன ஒற்றுமை!" என்று முழங்குவார். நாங்களும் கைதட்டிவிட்டு, வெளியே வந்து இரண்டு சங்கமாகப் பிரிந்து வீட்டுக்குப் போவோம். அந்த ஒற்றுமையை நேரில் பார்க்கலாம் என்றுதான் நானும் போனேன்.

முதல் நாளே ஏமாற்றம். லைப்ரரியின் மாடி அறையில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அதில் ஏழெட்டுப் பேர் யூதர்கள். ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா என்று பத்து நிமிடம் விவாதம். முடிவு — பாதி திறந்திருக்கட்டும். யாருக்கும் திருப்தி இல்லை. ஆனால் எல்லோரும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார்கள்!

வகுப்பை நடத்துபவர் டேனியல். நாற்பது வயதிருக்கும். அவர் பிரசங்கம் செய்வதில்லை. எங்களை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து ஆளுக்கொரு போட்டோகாப்பி தருவார். ஒருவர் ஒரு பந்தியை உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர் அதிலே ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆமோதிப்பது கணக்கில் வராது. இது அவர்களுடைய பழைய படிப்பு முறையாம். தலையை மட்டும் ஆட்டுகிற கூட்டாளியால் ஒரு பயனும் இல்லையாம்.

என் கஷ்டம் உங்களுக்கு விளங்கும். வாத்தியார் சொல்வார், நாங்கள் தலையாட்டுவோம் என்று படித்தவன் நான். வீட்டில் மனைவியோடு வாயடிப்பது வேறு, வகுப்பில் வாய் திறப்பது வேறு. முதல் கட்டுரையை வீட்டுக்குக் கொண்டுபோய், சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டு, ஐந்து குறிப்புகளாக எழுதிப் பாடமாக்கினேன். அடுத்த புதன்கிழமை எழுந்து நின்று மூச்சு விடாமல் ஒப்புவித்தேன். எழுந்து நின்றது நான் ஒருவன்தான்.

டேனியல் பொறுமையாகக் கேட்டார். "மிகவும் நல்லது. இதில் எதை நீங்கள் ஏற்கவில்லை?" என்றார்.

"எல்லாம் சரி, சேர்" என்றேன்.

பன்னிரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அதன் பிறகுதான் என்னை ஹானாவோடு சேர்த்துவிட்டார்கள். எண்பதை நெருங்கும் பெண்மணி. ஓய்வுபெற்ற பல் மருத்துவர். பழைய தொழில் இன்னும் விட்டுப்போகவில்லை — வலிக்கிற இடம் தெரியும்வரை குத்திப் பார்ப்பார், தெரிந்த பிறகு "இன்னும் கொஞ்சம் திறவுங்கள்" என்பார்.

ஒரு வாரம் ஓய்வுநாளைப் பற்றிய கட்டுரை. ஒரு வாரம், பிறந்த நாடும் வாழும் நாடும் வேறானவர்களைப் பற்றியது. அதை வாசித்தபோது அடிக்கடி எங்கள் கதை போலவே இருந்தது. ஐந்தாம் வாரம் மன்னிப்பு.

அந்தக் கட்டுரையாளர் தன் சமூகத்தின் பழைய விதி ஒன்றிலிருந்து தொடங்குகிறார். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார். மனிதனுக்குச் செய்த பிழையை? கடவுளால்கூட மன்னிக்க முடியாது. பாதிக்கப்பட்டவரிடம் நேரில் போய்த்தான் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் திரும்பப் போக வேண்டும். மூன்று முறை வரை. ஒருவரைப் பலர் முன்னால் தலைகுனிய வைப்பது பெரிய பிழைகளில் ஒன்று என்றும் அதில் இருந்தது.

எனக்கு இது கொஞ்சம் கெடுபிடியாகத் தெரிந்தது. நாங்கள் எவ்வளவு சுலபமான ஆட்கள்! பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை பிடிப்போம். பிறகு முருகனுக்கு ஒரு அர்ச்சனை, ஒரு தேங்காய். விஷயம் எங்களுக்கும் முருகனுக்கும் இடையில் முடிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒன்றும் தெரியாது.

இதை ஹானாவிடம் சொன்னேன். சுவாரசியமாகக் கேட்டார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. யாருக்கும் நோகாமல் பகிடி விடலாம் என்பதற்கு உதாரணமாக, நான் எழுதிய ஒரு பத்தியைச் சொன்னேன்.

உங்களில் பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். நாலு வருடத்துக்கு முன் ஒரு பரதநாட்டிய அரங்கேற்றத்துக்குப் போய்விட்டு வந்து எழுதினேனே... ஆடிய பிள்ளையின் தகப்பன் நன்றியுரை சொல்ல எழுந்தவர், மைக்கை விடவே இல்லை. ஒவ்வொருவராக நன்றி சொல்கிறார், சொல்கிறார், சொல்லிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் ஒரு பஸ் டிரைவருக்கும் நன்றி! "நல்லவேளை, பஸ்ஸுக்குச் சொல்லவில்லை" என்று எழுதியிருந்தேன். எத்தனை பேர் போன் பண்ணிச் சிரித்தீர்கள்! வாட்ஸ்அப்பில் கனடா வரை போய், யாரோ எழுதியது என்று எனக்கே திரும்பி வந்தது.

இந்தப் பகிடிக்குத்தான் ஹானா சிரிக்கவில்லை.

"அவரிடம் போய்ப் பேசினீர்களா?"

"பெயரை மாற்றிவிட்டேன். ஊரையும் மாற்றி, ஹரோ என்று போட்டேன்" என்றேன்.

"அவருக்குத் தன் பெயர் தெரியும்தானே?"

நான் தேநீர் எடுக்கப் போனேன்.

பெயரை மாற்றினேன் என்று பெருமையாகச் சொன்னேனே, யாரை ஏமாற்ற? அந்த மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். நம்மவர்களுக்கு இந்த நகரத்தில் யாருடைய மகள் எந்தச் சனிக்கிழமை மேடை ஏறினாள் என்பது தெரியாத விஷயமா? ஹரோ என்று எழுதினால் கோலியர்ஸ் வுட் என்று வாசிக்கத் தெரிந்தவர்கள் நாங்கள். அவர் கோலியர்ஸ் வுட் ஆள்.

அந்த வாரம் முழுதும் மனம் சரியில்லை. மனைவி சொன்னதை எல்லாம் ஒப்புக்கொண்டேன். பயந்துபோய், நெஞ்சு நோகிறதா என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பிஸ்கட் டின்னை வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "வாங்கோ, வாங்கோ" என்றார். அவர் மனைவி வடை சுட்டுத் தந்தார். கவுன்சில் குப்பை எடுக்கும் நாளை மாற்றியதைப் பற்றிக் கதைத்தோம். அவருடைய முழங்கால் ஆபரேஷனைப் பற்றிக் கதைத்தோம். என் முழங்காலைப் பற்றியும் கதைத்தோம். இரண்டாவது தேநீரும் வந்தது. ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

புதன்கிழமை ஹானாவிடம், எல்லாம் முடிந்தது என்றேன்.

"என்ன சொன்னீர்கள்?"

"குப்பை எடுக்கும் நாளைப் பற்றி..."

"அவர் என்ன சொன்னார்?"

"வடை தந்தார்."

ஹானா நெற்றியில் கை வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்த வகுப்பில் முதல் தடவையாக நான் குரலை உயர்த்திப் பேசினேன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது என்றேன். கோபம் உள்ளவன் வீட்டில் நாங்கள் பச்சைத் தண்ணீரும் குடிக்க மாட்டோம். வீட்டுக்குள் அழைத்து, தேநீர் தந்து, அதை நானும் குடித்துவிட்டேன் என்றால் கணக்குத் தீர்ந்தது. வாய் திறந்து மன்னிப்பு என்று கேட்பது நாடகத்தில் நடப்பது. சொல்லாமலே விளங்கிக்கொள்வதுதான் எங்கள் நாகரிகம். கட்டுரை எழுதியவர் எங்கள் ஆட்களோடு பழகியதில்லை. அதனால் இந்த இடத்தில் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை!

எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். டேனியலின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஹானா மட்டும் அசையவில்லை. "நல்ல வாதம்" என்றார். "வீட்டுக்கு வந்தவருக்குத் தேநீர் கொடுக்காமல் விடுவது உங்களிடையே வழக்கமா?"

"இல்லை. யார் வந்தாலும் கொடுப்போம்."

"அப்படியானால் அவர் உங்களை மன்னித்துத் தந்தாரா, வழக்கத்துக்காகத் தந்தாரா?"

வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். கதவைத் திறந்தபோது அவர் நின்ற அந்த ஒரு கணம் ஞாபகம் வந்தது. ஒரு மணி நேரத்தில் அவர் என் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் ஆட்களில் யார் என்னைக் கண்டாலும், போன வாரம் எழுதினது நல்லாயிருந்தது என்று வாசிக்காமலே சொல்வார்கள். அவர் அதைக்கூடச் சொல்லவில்லை.

போன சனிக்கிழமை மறுபடியும் போனேன். இந்த முறை வெறுங்கையோடு. நாற்காலியைக் காட்டி இருக்கச் சொன்னார், இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"அண்ணை, உங்கட பேச்சைப் பற்றி நான் எழுதினது பிழை. உங்களைப் பாத்து ஆக்கள் சிரிக்கிற மாதிரிச் செய்துபோட்டன். என்னை மன்னிக்க வேணும்."

இவ்வளவுதான். மூன்று வசனம். முப்பது வருடமாக எழுதுகிற எனக்கு அதைவிடக் கஷ்டமான வசனம் வாய்த்ததில்லை.

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். குறைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். குசினிக்குள் இருந்து அவர் மனைவி மாவு படிந்த கையோடு வந்தார். முதலில் பேசியது மனைவிதான்.

"அதுக்குப் பிறகு இவர் ஒரு இடத்திலயும் எழும்பிக் கதைச்சதில்லை. மூத்தவளின்ர கலியாணத்தில மாப்பிளையின்ர தகப்பன்தான் ரண்டு பக்கத்துக்கும் சேத்து நன்றி சொன்னவர். இவர் கதிரையிலயே இருந்தவர்."

நாற்காலியில் இருந்துவிட்டேன். எவ்வளவு வெட்கமாக இருந்தது என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. ஒரு மனிதர் தன் சொந்த மகளின் கல்யாணத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். நானோ அந்தப் பத்தியை என் நல்ல பத்திகளில் ஒன்றென்று நாலு வருடமாகக் கண்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அவர் டிவியை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் நீளமாத்தான் கதைச்சனான். அது உண்மை. ஆனா அந்த டிரைவரைப் பற்றிச் சொன்னதை நீங்கள் கேட்டனீங்களோ?"

இல்லை என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. அந்த நேரம் நான் மண்டபத்துக்குப் பின்னால் சாப்பாட்டு வரிசையில் நின்றேன். பஸ் டிரைவர் என்ற சொல் மட்டும் ஸ்பீக்கரில் காதில் விழுந்தது. ஒரு பத்திக்கு அது போதுமாக இருந்தது!

அன்று முந்நூறு பேருக்குச் சொன்னதை, சனிக்கிழமை எனக்கு இன்னொரு முறை சொன்னார்.

ஜெர்மனியில் இரண்டு வருடம் முகாமில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்த புதிது. மிச்சம் என்ற லண்டன் புறநகரில் ஒரு அறையில் ஆறு பேரோடு இருந்தார். குரொய்டனில் அகதி விண்ணப்பத்துக்கு நேர்முகம். காலை பதினொரு மணி. ஆங்கிலம் தெரியாது. கடிதத்தைக் கையில் பிடித்தபடி பஸ்ஸில் ஏறியவர், எங்கே இறங்குவதென்று தெரியாமல் கடைசித் தரிப்பு வரை போய்விட்டார். எல்லோரும் இறங்கிவிட்டார்கள். டிரைவர் வந்து பார்த்திருக்கிறார். கடிதத்தை வாங்கி வாசித்திருக்கிறார். தன் தேநீர் இடைவேளையை விட்டுவிட்டு, இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தெரு நடந்து, அந்த அலுவலகத்தின் கதவைத் திறந்து உள்ளே விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்போது பதினொன்றுக்கு நாலு நிமிடம் இருந்ததாம்.

அந்த நேர்முகம் தவறியிருந்தால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை, மகள் இல்லை, அரங்கேற்றம் இல்லை. டிரைவரின் பெயர் தெரியாது. திரும்ப அந்த பஸ்ஸில் எத்தனையோ முறை போயும் அவரைக் காணவில்லை. பெயர் தெரியாதவருக்கு எங்கே நன்றி சொல்வது? மகள் மேடையேறும் நாளில் சொல்வதென்று இருபத்திரண்டு வருடம் மனதில் வைத்திருந்தாராம்.

சொல்லி முடித்துவிட்டு, தேநீர் குடியுங்கள் என்றார். குடிக்கவில்லை. பதில் வரட்டும் என்று இருந்தேன்.

"மன்னிக்கிறதைப் பிறகு பாப்பம்" என்றார். "நீங்கள் ஊருக்கெல்லாம் எழுதிப்போட்டு, என்ர வீட்டுக்குள்ள வந்து எனக்கு மட்டும் சொல்லுறீங்கள். அது சரி வராது. எழுதின இடத்திலயே எழுதுங்கோ. வாசிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

பெயரைப் போடாமல் எழுதுகிறேன் என்றேன்.

"போன முறை என்னைக் கேக்காமல் மாத்தினீங்கள். இந்த முறை மாத்த வேண்டாம்."

ஆகவே எழுதுகிறேன். அவர் பெயர் இராசநாயகம். ஊர் கோலியர்ஸ் வுட். நாலு வருடத்துக்கு முன் நான் ஹரோ என்று எழுதியது அவரைத்தான்.

நேற்று முன்தினம் வகுப்பில் ஹானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தால் என்னைப் போல முட்டாள் கிடையாது. "எழுதும்போது பகிடி விடுவீர்களா?" என்று மட்டும் கேட்டார். விடாமல் எழுத எனக்கு வராது என்றேன். யாரை வைத்து என்றார். யோசித்தேன். இந்தப் பத்தியில் நீங்கள் எங்காவது சிரித்திருந்தால் அது என்னைப் பார்த்துச் சிரித்ததாக இருக்கட்டும். எங்கள் சங்கங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு வந்திருக்கும், அதற்கு மூன்று முறை மன்னிப்புக் கேட்க எனக்கு வயது போதாது.

இராசநாயகம் அண்ணையிடம், அன்று சொன்ன மற்றப் பெயர்களையும் தர முடியுமா என்று கேட்டு வாங்கி வந்தேன். நான் கேலி செய்த அந்த நீளப் பட்டியல் இதுதான்.

ஜெர்மன் முகாமில் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றித் தந்த எரித்திரிய நாட்டுக்காரர். பெயர் தெரியாது. மிச்சம் அறையில் வேலை கிடைக்கும்வரை சோறு போட்ட குணம் அண்ணை. பெற்றோல் ஷெட்டில் முதல் ஷிப்ட் கொடுத்த நசீர் பாய். மனைவியின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட நின்று மொழிபெயர்த்த யோகேஸ் அக்கா. மகளை ஏழு வருடம் தன் காரில் நடன வகுப்புக்கு ஏற்றி இறக்கிய பக்கத்து வீட்டு மொரீன். நடன ஆசிரியை. மிருதங்கக்காரர். மண்டபத்துக் கதவைத் திறந்துவிட்ட பெரியவர்.

மிச்சத்திலிருந்து குரொய்டன் வரை பஸ் ஓட்டிய ஒருவர்.

இந்த வாரப் பத்தியை ஒரே ஒரு வாசகருக்காக எழுதியிருக்கிறேன். பதில் அவர் கையில். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.